புகையைக் குறைக்கப் பணம் எங்கே கிடைக்கும்? கொல்லிமலை அடிவாரத்து ஆலைகளுக்கு ஒரு வழிகாட்டி

கொல்லிமலையின் மேலே ஆலைப் புகை கிடையாது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் மிளகு, காபி, பலா, மரவள்ளி என்று விவசாயம்தான். ஆனால் மலையில் வெட்டியதும் விளைந்ததும் கீழே இறங்கிய இடத்தில் எப்போதும் ஓர் ஆலை காத்திருந்தது. பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியம் ஆயிற்று. மரவள்ளிக் கிழங்கு நாமக்கல், சேலம் மாவட்டத்துச் சேகோ ஆலைகளுக்குப் போய் இன்றும் ஜவ்வரிசி ஆகிறது.

2025 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு விதியை அறிவித்தது. அலுமினியம், சிமென்ட், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு தொழில்களில் உள்ள 282 ஆலைகள், ஒரு டன் உற்பத்திக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்று ஆலைவாரியாக எல்லை வகுத்தது அந்த விதி. சிமென்ட் 186, காகிதம் 53, குளோர்-ஆல்கலி 30, அலுமினியம் 13 என்பது கணக்கு. கொல்லிமலையைச் சுற்றியுள்ள சமவெளிக்கு இந்த நான்கு தொழில்களுமே பழக்கமானவை. சங்ககிரியில் சிமென்ட் ஆலை, பள்ளிபாளையத்தில் சேஷசாயி காகித ஆலை, மேட்டூரில் காஸ்டிக் சோடா. நான்காவதான அலுமினியம் இப்போது இல்லை, முன்பு இருந்தது. 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கிய மால்கோ நிறுவனம் கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பாக்சைட் எடுத்தது. 2008 இறுதியில் அதன் உருக்காலை நின்றது.

அலுமினியத்தை எடுத்துக்கொண்டால் கனரகத் தொழிலின் கரிமச் சிக்கல் முழுதும் புரிந்துவிடும். ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். அதைவிடப் பெரிய தீனி மின்சாரம்: டன்னுக்கு ஏறக்குறைய 14,000 யூனிட். அது நிலக்கரி மின்சாரமாக இருந்தால், மின் நிலையப் புகைபோக்கி வழியாக மட்டுமே பத்து டன்னுக்கு மேல் கரியமில வாயு போகும். போதாக்குறைக்கு உருக்குத் தொட்டியில் கரித்தண்டு எரிந்து கரைவதால் இன்னும் சுமார் ஒன்றரை டன். பின்னதை மின்சாரத்தை மாற்றிக் குறைக்க முடியாது. தொழில்நுட்பமே மாற வேண்டும். எரிபொருளை மாற்றிக் குறைக்கும் உமிழ்வு, வேதிவினையிலேயே பிறக்கும் உமிழ்வு என்ற இந்தப் பிரிவு சிமென்ட்டுக்கும் உருக்குக்கும் பொருந்தும். அரசுப் பணம் எங்கே எளிதாக வரும், எங்கே வராது என்பதையும் பெருமளவு இதுவே தீர்மானிக்கிறது.

'கரிமத்தைக் குறைக்க மானியம்' என்று கேட்டுக்கொண்டு வரும் ஆலைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தியாவில் மிகப் பெரிய ஆலைகளுக்கு அரசு தருவது பெரும்பாலும் இலக்கும் சான்றிதழும்தான். ரொக்கம் இரண்டு இடங்களில் கிடைக்கிறது: இன்னும் நிரூபணமாகாத புதுத் தொழில்நுட்பத்தைச் சோதிப்பவர்களுக்கும், குறு, சிறு, நடுத்தர ஆலைகளுக்கும். தன் ஆலை இந்த மூன்றில் எதில் சேரும் என்று தெரியாமல் அலைபவர்தான் ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்.

பெரிய ஆலைக்கு: இலக்கும் சான்றிதழும்

2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடித்தளம். அதன்கீழ் 2012இல் தொடங்கிய 'பாட்' திட்டத்தில், அதிக எரிசக்தி தின்னும் எட்டுத் தொழில்களைச் சேர்ந்த 478 ஆலைகளுக்கு மூன்றாண்டு இலக்கு தரப்பட்டது. இலக்கைத் தாண்டிச் சேமித்தவருக்குச் சான்றிதழ். தவறியவர் அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் சுற்று முடிவில் 86.7 லட்சம் டன் எண்ணெய்க்கு நிகரான எரிசக்தி மிச்சமானது. சுமார் 3.1 கோடி டன் கரியமில வாயு தவிர்க்கப்பட்டதாக அரசுக் கணக்கு. அரசு பெரிய பணம் எதையும் கையில் கொடுக்காமலே இது நடந்தது.

இப்போது அந்த இடத்துக்குப் படிப்படியாக வருவது கரிம வரவு வர்த்தகத் திட்டம். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜூனில் திட்டம் அறிவிக்கப்பட்டது. இங்கே அளவுகோல் எரிசக்தி அல்ல, உமிழ்வு. 2023-24ஆம் ஆண்டின் நிலையை அடிப்படையாக வைத்து 2025-26, 2026-27 ஆகிய ஆண்டுகளுக்கு இலக்கு. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு வரவு. எரிசக்தித் திறன் பணியகம் நிர்வகிக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வர்த்தகத்தைக் கவனிக்கிறது. இலக்கைத் தவறியும் வரவு வாங்காதவர் மீது, அந்தச் சுற்றின் சராசரி விலையைப் போல் இரு மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு விழும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ஒரு டன் பொருளுக்கு 0.80 டன் உமிழ்வு என்று ஓர் ஆலைக்கு இலக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 0.76க்கு இறங்கி, ஆண்டுக்கு ஐந்து லட்சம் டன் உற்பத்தி செய்தால் கையில் 20,000 வரவுகள். அதே ஆலை 0.84இல் நின்றால் 20,000 வரவுகளை வாங்கியாக வேண்டும். நடுவில் இருக்கும் வித்தியாசம் 40,000 வரவுகளின் விலை. ஆண்டுதோறும் வரும் இந்த வித்தியாசத்தை ஒரு முறை வரும் மானியத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத நிதி மேலாளர் தன் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறார்.

மாநில அரசின் பக்கமிருந்து பெரிய ஆலைக்கும் கொஞ்சம் நேரடிப் பணம் உண்டு. தமிழ்நாடு தொழிற்கொள்கை 2021, தகுதியுள்ள முதலீட்டுத் திட்டங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்புக் கட்டமைப்புக்கு ஆகும் செலவில் 25 விழுக்காட்டை, ஒரு கோடி ரூபாய் உச்சவரம்போடு தருவதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கான கோடி போடும் நிறுவனத்துக்கு இது சில்லறை. ஆனாலும் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டிய சில்லறைதான்.

சோதனைத் திட்டத்துக்கு: இங்கேதான் பெரிய ரொக்கம்

2023 ஜனவரி 4 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். இதில் உருக்குத் துறையின் சோதனைத் திட்டங்களுக்கு மட்டும் 2029-30 வரை 455 கோடி. நிலக்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கொண்டு இரும்புத் தாதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரிப்பது, ஏற்கெனவே ஓடும் ஊது உலையில் ஹைட்ரஜனைச் செலுத்தி நிலக்கரியைக் குறைப்பது போன்றவை இதில் அடங்கும். 2024இல் மூன்று திட்டங்கள் தேர்வாயின. 2026 பிப்ரவரியில் வந்த மத்திய பட்ஜெட், கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும், சேமிக்கும் தொழில்நுட்பங்களுக்கு ஐந்தாண்டுகளில் 20,000 கோடி என்று அறிவித்தது. மின்சாரம், உருக்கு, சிமென்ட், சுத்திகரிப்பு, ரசாயனம் ஆகிய ஐந்து துறைகளுக்கு இது.

இப்பணத்தைத் தேடிப் போகிறவர் தனியாகப் போவது கடினம். ஆலை, கருவி தயாரிப்பவர், ஐ.ஐ.டி. போன்ற ஆய்வு நிறுவனம் ஆகிய மூவரும் கூட்டாக வந்தால்தான் திட்ட அறிக்கைக்கு எடை கூடுகிறது. அதற்கான அழைப்புகள் வருடம் முழுவதும் திறந்திருப்பதில்லை. அறிவிப்பு வந்தபின் கூட்டாளி தேடுபவருக்கு அவகாசம் போதாது. கல்லூரியோடு புரிந்துணர்வு ஒப்பந்தத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருப்பவர்தான் பந்தயத்தில் இருக்கிறார்.

உருக்கு ஆலைகளுக்கு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று மத்திய உருக்கு அமைச்சகம் பசுமை உருக்குக்கு நட்சத்திரத் தரவரிசை வெளியிட்டது. ஒரு டன் உருக்குக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் கீழே இருந்தால்தான் பசுமை. 2.0 முதல் 2.2 வரை மூன்று நட்சத்திரம், 1.6 முதல் 2.0 வரை நான்கு, 1.6க்குக் கீழே ஐந்து. இதில் காசு எதுவும் வராது. ஆனால் சேலம் வட்டாரத்தில் பழைய இரும்பை மின் உலையில் உருக்கும் ஆலைக்கு, தாதிலிருந்து தொடங்கும் ஊது உலையைவிட இந்த ஏணியில் ஏறுவது எளிது. அந்தச் சான்று நாளைக்கு டெண்டரிலும் ஏற்றுமதியிலும் பேசும்.

மானியமே இல்லாமல் நடந்த ஒரு தமிழ்நாட்டுக் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுத்து, அதையே சோடா உப்பு தயாரிக்கக் கச்சாப் பொருளாக்கும் அமைப்பு 2016இல் ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் என்பது அதன் அளவு. அந்த நிலையத்துக்கு அரசு மானியம் இல்லை. தொழில்நுட்பத்தைத் தந்த கார்பன் கிளீன் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இருவர். இந்தியாவில் முதலீடு கிடைக்காமல் பிரிட்டனுக்குப் போய், அந்நாட்டு அரசின் ஆரம்ப நிதியுதவியில் வளர்ந்தவர்கள். ஆய்வுக் கட்டத்தில் அரசுப் பணம் தேவைப்பட்டது. ஆலைக்குள் வந்தபோது தேவைப்படவில்லை. பிடித்த வாயுவை வாங்க ஆள் அதே வளாகத்தில் இருந்தார். அதே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் 2021இல் ஜாம்ஷெட்பூர் டாடா ஸ்டீல் ஆலை நாளொன்றுக்கு ஐந்து டன் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. கரியமில வாயுவைப் பிடிக்கும் திட்டத்துக்கு நிதி கேட்பவரிடம் அதிகாரி கேட்கும் முதல் கேள்வியும் இதுவே: பிடித்ததை என்ன செய்யப் போகிறீர்கள்?

சிறு ஆலைக்கு: கைக்கு எட்டும் தொகை

ராசிபுரம், சேந்தமங்கலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளில் மிகப் பல இந்த வகைதான். 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. இயந்திர முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை குறு நிறுவனம். 25 கோடி, 100 கோடி வரை சிறு. 125 கோடி, 500 கோடி வரை நடுத்தரம். நேற்றுவரை 'நாங்கள் பெரிய கம்பெனி' என்று ஒதுங்கி நின்ற சில ஆலைகள் இப்போது உள்ளே வந்துவிட்டன. ஆகவே இவ்வகை நிறுவனங்களுக்கான உத்யம் பதிவைப் புதுப்பித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

தமிழ்நாடு அரசின் 'பீஸ்' திட்டம் பலரும் கேள்விப்பட்டது, சிலரே பயன்படுத்தியது. அங்கீகாரம் பெற்ற எரிசக்தித் தணிக்கையாளரை வைத்து ஆடிட் செய்தால், கட்டணத்தில் 75 விழுக்காடு, அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் திரும்ப வரும். தணிக்கை சொன்னபடி இயந்திரத்தை மாற்றினால் அதன் விலையில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம். விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக.

இந்த உச்சவரம்பு சொல்லாமல் சொல்வது ஒன்று உண்டு. 16 லட்சத்துக்கு மோட்டாரும் கம்ப்ரசரும் மாற்றினால் 8 லட்சம் வரும், பாதி. 40 லட்சத்துக்கு மாற்றினால் 10 லட்சம்தான், கால்வாசி. எனவே முதல் தவணையாக 20 லட்சத்துக்குள் அடங்கும், சீக்கிரம் காசு திரும்பும் வேலைகளை இதில் வைத்துக்கொண்டு, பெரிய மாற்றங்களை வட்டிச் சலுகைத் திட்டங்களுக்குக் கொண்டு போவது புத்திசாலித்தனம்.

வட்டிச் சலுகையில் புதிது 'அடீட்டி'. 2025 ஜூலை 15 அன்று ஹரியானாவின் பானிபட்டில் தொடங்கப்பட்டது. ஒதுக்கீடு 1,000 கோடி. காலம் 2027-28 வரை. குறைந்தது 10 விழுக்காடு எரிசக்தி மிச்சமாகும் தொழில்நுட்பத்துக்குக் கடன் வாங்கினால், குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதப் புள்ளியும் நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதப் புள்ளியும் அரசு ஏற்கும். வார்ப்படம், உருக்கு மறு உருட்டல், செங்கல், ஜவுளி, காகிதம், ரசாயனம், உணவுப் பதப்படுத்தல் உள்ளிட்ட 14 துறைகள். முதல் கட்டத்தில் 60 தொழிற்கொத்துகள், அடுத்து 100. தன் தொழிலும் தன் வட்டாரமும் பட்டியலில் உள்ளனவா என்று எரிசக்தித் திறன் பணியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் வங்கி வாசலை மிதிக்க வேண்டும். 80 லட்சம் கடனுக்கு 10 விழுக்காடு வட்டி என்றால் முதல் ஆண்டு வட்டி 8 லட்சம். சிறு நிறுவனத்துக்கு அதில் பாதியை அரசு கட்டும். அசல் குறையக் குறைய அரசின் பங்கும் குறையும்.

இத்தோடு சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பி வழியாக நடக்கும் 'கிஃப்ட்' திட்டம் பசுமைத் தொழில்நுட்பத்துக்கு இரண்டு கோடி வரையான கடனில் 2 சதப் புள்ளி வட்டியை ஏற்கிறது. கடன் உத்தரவாதமும் உண்டு. ஈடு காட்டச் சொத்து இல்லாத சிறு ஆலைக்கு வட்டியைவிட உத்தரவாதம்தான் பெரிது. ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: ஒரே இயந்திரத்தின் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் சலுகை கேட்பதைப் பெரும்பாலான திட்டங்கள் ஏற்பதில்லை. எந்த பில் எந்தத் திட்டத்துக்கு என்று முதலிலேயே பிரித்து எழுதிவிட வேண்டும்.

ஒரு சேகோ ஆலைக்குள்

கிழங்கு லாரி எடைமேடையில் ஏறி இறங்கியதும் ஆலையில் 'பாயிண்ட்' பார்க்கிறார்கள். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்ற அந்த அளவில்தான் விலை நிற்கிறது. பிறகு தோல் உரித்து, கழுவி, அரைத்து, சல்லடையில் சலித்தால் வெள்ளை வெளேரென்று மாவுப்பால் தொட்டியில் இறங்கும். ஒதுங்கும் நார்ச் சக்கை திப்பி. மாட்டுத் தீவனத்துக்குப் போகும். படிந்த மாவைக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்தால் சாதா ஜவ்வரிசி, ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. கடைசியில் களத்தில் வெயில் காய்ச்சல். இந்தச் சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கரிமக் கணக்கில் இந்த ஆலைக்கு மூன்று வாய்கள். அரைவை மோட்டார்கள் குடிக்கும் மின்சாரம், வறுக்கவும் வேகவைக்கவும் எரிக்கும் விறகும் பிற எரிபொருளும், மூன்றாவதாகப் பின்பக்கத்துக் கழிவுநீர்க் குட்டை. ஆலைக்காரர் இ.பி. பில்லைப் பார்த்துக் கவலைப்படுகிறார். குட்டையை யாரும் பார்ப்பதில்லை, மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறார்கள். மாவுச்சத்து கலந்த அந்த நீர் காற்றுப் படாத ஆழத்தில் புளித்து, மேற்பரப்பில் ஓயாமல் குமிழி விடுகிறது. அந்தக் குமிழியில் பாதிக்கு மேல் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு.

அந்த நீரை மூடிய கலனுக்குள் விட்டு வாயுவைக் குழாயில் பிடித்தால் மூன்று வாய்களும் ஒரே அடியில் சுருங்கும். மீத்தேன் வெளியேறாது. ஒரு கன மீட்டர் உயிர்வாயு எஞ்சினில் ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் மின்சாரம் வரும். பர்னரில் எரித்தால் வறுவலுக்கு விறகு மிச்சம். சேலம், ஈரோடு, நாமக்கல் வட்டாரத்துக் கிழங்கு மாவு ஆலைகள் சிலவற்றில் இது நடந்துகொண்டிருக்கிறது. இதே நாமக்கல்லில் கோழி எருவிலிருந்து 2.4 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையமும் உண்டு.

இத்தகைய அமைப்புக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் தேசிய உயிர்சக்தித் திட்டத்தில் நிதியுதவி இருந்துவருகிறது. 2021-22 முதல் 2025-26 வரையான முதல் கட்டத்தில், நாளுக்கு 12,000 கன மீட்டர் எரிவாயுவுக்கு 25 லட்சம் ரூபாய், எரிவாயுவிலிருந்து மின்சாரம் என்றால் ஒரு மெகாவாட்டுக்கு 75 லட்சம் என்ற அளவு. 2025இல் திருத்திய நெறிமுறைப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இயக்க இசைவு கிடைத்ததும் வங்கி உத்தரவாதத்தின் பேரில் பாதித் தொகை. நிலையம் சொன்ன திறனில் 80 விழுக்காட்டை எட்டியதும் மீதி. அடுத்த கட்டத்துக்கான நெறிமுறை எது நடப்பில் உள்ளது என்பதை விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த 80 விழுக்காட்டில்தான் சேகோ ஆலைகள் சறுக்குகின்றன. கிழங்கு வருடம் முழுதும் ஒரே அளவில் வருவதில்லை. அறுவடைக் காலத்தின் உச்ச அளவுக்குக் கலன் கட்டினால் மற்ற மாதங்களில் பாதி வயிறாக ஓடும். சோதனை அந்த மாதத்தில் நடந்தால் மீதிப் பணம் நிற்கும். ஆண்டுச் சராசரியை ஒட்டி அளவைத் தீர்மானித்து, அரைவை முழு வீச்சில் இருக்கும் மாதத்தில் செயல்திறன் சோதனைக்கு நாள் கேட்பதே சரி.

வேலையின் வரிசை

மேலே சொன்ன எந்தத் திட்டமானாலும் காகித வேலையின் வரிசை ஏறக்குறைய ஒன்றே.

1. பன்னிரண்டு மாத மின் கட்டண ரசீது, டீசல், விறகு, நிலக்கரி வாங்கிய பில்கள், மாத உற்பத்திப் பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். மொத்த யூனிட்டை மொத்த டன்னால் வகுத்து, 'ஒரு டன் பொருளுக்கு இத்தனை யூனிட்' என்ற எண்ணை மாதவாரியாக எழுத வேண்டும். உயரழுத்த இணைப்பு உள்ளவர் அதே ரசீதில் பவர் ஃபேக்டரையும் உச்சத் தேவையையும் பார்க்கலாம். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போய் அபராதம் கட்டிக்கொண்டிருந்தால், அதைச் சரிசெய்யும் கபாசிட்டருக்கு மானியத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது நஷ்டம்.

2. அந்த எண்ணை உமிழ்வாக மாற்ற வேண்டும். மின்கட்டமைப்பு மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ, டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ என்று வைத்துக்கொண்டால் முதல் மதிப்பீடு கிடைக்கும். மாதம் ஒரு லட்சம் யூனிட் ஓடும் ஆலையில் பத்து விழுக்காடு மிச்சமானால் ஆண்டுக்கு 1,20,000 யூனிட். சுமார் 84 டன் கரியமில வாயு.

3. தணிக்கை. அறிக்கையில் பொதுவான அறிவுரைகள் போதாது. எந்த மோட்டார், எத்தனை கிலோவாட், இப்போது எவ்வளவு இழுக்கிறது, மாற்றினால் எவ்வளவு, முதலீடு எத்தனை மாதத்தில் திரும்பும் என்று இயந்திரவாரியாக அட்டவணை இருக்க வேண்டும்.

4. திட்டத்தைத் தேர்ந்து, அதன் நெறிமுறையில் ஒரு தேதியைத் தேட வேண்டும்: இயந்திரம் எப்போது வாங்கியிருக்கலாம்? சிலவற்றில் ஒப்புதல் வந்தபின்தான் ஆர்டர் போட வேண்டும். வேறு சிலவற்றில் வாங்கி ஓட்டியபின் குறிப்பிட்ட காலத்துக்குள் கோர வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டர் தேதி ஒரு வாரம் முந்திப் போனதால் முழு மானியமும் போவதற்கு வழி உண்டு.

5. கொட்டேஷன், இன்வாய்ஸ், உத்யம் பதிவு, ஜி.எஸ்.டி. பதிவு, மின் இணைப்பு எல்லாவற்றிலும் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். தந்தை பெயரில் மின் இணைப்பு, மகன் பெயரில் நிறுவனம் என்பது இந்த வட்டாரத்தில் சர்வசாதாரணம். அதைப் பெயர் மாற்றம் செய்துவிட்டே விண்ணப்பத்தைத் தொட வேண்டும்.

6. புது இயந்திரத்துக்குத் தனி மீட்டர் பொருத்த வேண்டும். முன்பும் பின்பும் அளந்து காட்டினால்தான் மிச்சம் நிரூபணமாகும். ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியப் பொருள் அனுப்புபவருக்கு இந்த அளவு இன்னொரு இடத்திலும் உதவும்: 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கரிம வரி முழு நடைமுறைக்கு வந்துவிட்டது, அங்கே வாங்குபவர் உமிழ்வுக் கணக்கைக் கேட்பார்.

பெரிய மானியங்களின் தலையெழுத்து

வெளிநாட்டில் அரசுகள் அள்ளிக் கொடுப்பதைப் பார்த்து இங்குள்ளவர்கள் பெருமூச்சு விடுவது உண்டு. பிரிட்டனின் போர்ட் டால்பட்டில் டாடா ஸ்டீலுக்கு அந்நாட்டு அரசு 50 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. மொத்தத் திட்டம் 125 கோடி பவுண்டு. கடைசி ஊது உலை 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது, பதிலுக்கு வருவது மின்வில் உலை. ஆனால் புது உலைக்குப் பழைய அளவு ஆட்கள் தேவையில்லை. ஆயிரக்கணக்கான வேலைகள் போயின.

ஜெர்மனியில் நடந்தது வேறு மாதிரி. ஆர்செலர் மிட்டல் நிறுவனம் 2025 ஜூனில் 130 கோடி யூரோ அரசு உதவியை வேண்டாம் என்று திருப்பிவிட்டது. உலை கட்டப் பணம் இருக்கிறது, அதை ஓட்டும் மின்சாரமும் ஹைட்ரஜனும் கட்டுப்படியாகும் விலையில் இல்லை என்பது அதன் வாதம். அமெரிக்காவில் எரிசக்தித் துறை 2025 மே மாதம் 24 திட்டங்களுக்கான 370 கோடி டாலருக்கும் மேலான நிதியை ஒரே அறிவிப்பில் ரத்து செய்தது. தொழிற்சாலைத் திட்டங்கள் பலவும் அதில் அடக்கம்.

இதிலிருந்து ராசிபுரத்து ஆலைக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. முதலாவது, மூலதன மானியம் ஓட்டுச் செலவைத் தாங்காது. எரிவாயுக் கலனுக்கு மானியம் வரும். அதைக் கவனிக்கும் ஆளின் சம்பளத்துக்கும் எஞ்சின் ஓவர்ஹாலுக்கும் வராது. இரண்டாவது, மானியம் வரவில்லை என்றாலும் திட்டம் எத்தனை ஆண்டில் காசைத் திருப்பும் என்று தனியாக ஒரு கணக்குப் போட வேண்டும். நான்கு ஆண்டுக்குள் திரும்பினால் மானியம் வரும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இ.பி. பில்லில் நஷ்டமாகிறது. எட்டு ஆண்டைத் தாண்டினால் எழுத்தில் ஒப்புதல் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

விண்ணப்பம் போன பிறகு

மானியம் ஒரே நாளில் கணக்கில் ஏறாது. ஆய்வுக்கு வரும் அதிகாரி இயந்திரத்தின் பெயர்ப்பலகையை இன்வாய்ஸ் எண்ணோடு ஒப்பிடுவார், ஓடுகிறதா என்று பார்ப்பார், புகைப்படம் எடுப்பார். ஆகவே பெயர்ப்பலகையின் மேல் பெயின்ட் அடித்துவிடக் கூடாது. பழைய மோட்டாரை அகற்றிய சான்றும் தேவைப்படலாம், எடைக்குப் போட்ட ரசீதைக் கோப்பில் வைப்பது நல்லது. இடையில் இயந்திரத்தை வேறு ஷெட்டுக்கு மாற்றினால் எழுதித் தெரிவிக்க வேண்டும்.

பணத்தைக் கணக்கு வைக்கும்போது அந்தத் தொகையை வரும் என்று எழுதாமல், வந்த பின்பே எழுத வேண்டும். வங்கித் தவணை மானியத்துக்காகக் காத்திருக்காது. கடன் வாங்கும்போதே முதல் ஓராண்டுத் தவணையை மானியம் இல்லாமல் கட்ட முடியுமா என்று பார்த்துக் காலத்தை நீட்டிக் கேட்கலாம். விண்ணப்பம் திரும்பி வந்தால், வாய்மொழிக் காரணத்தோடு திரும்பாமல் எந்த விதியின்கீழ் நிராகரிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெயர் முரண்பாடு, விடுபட்ட சான்று போன்றவையானால் சரிசெய்து மறுபடி கொடுக்கலாம். தேதிதான் காரணம் என்றால் அந்த இயந்திரத்தை விட்டுவிட்டு, தணிக்கை அட்டவணையில் அடுத்து நிற்கும் இயந்திரத்துக்குப் புது விண்ணப்பம் தயாரிக்க வேண்டும்.